முன் சக்கர பிரேக் பேடு: மாற்றுவது கால் பங்கு, துடைப்பது முக்கால் பங்கு

வாகனக் கேள்வி – பதில்

நான்கு பிஸ்டன் காலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் பேடுகளை அழுத்திப் பிடிக்கும் பாகம்) உள்ள காருக்கு முன் சக்கர பிரேக் பேடுகளை வீட்டிலேயே மாற்றலாமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "மாற்றலாம், பொறுமை வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்தச் சோம்பலுக்குத் தண்டனையாக வட சென்னையில் பெரம்பூரிலிருந்து எண்ணூர் வரை பல வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் இந்த ஒரு விஷயத்துக்கே.

கேள்வி: ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னுடைய பழைய சிறிய காருக்கு பிரேக் பேடுகளை நானே மாற்றிவந்தேன். கீழே உள்ள போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை மேலே தூக்கி, ஜி கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் வேலை முடிந்துவிடும். இப்போது மகன் வாங்கித் தந்திருக்கும் பெரிய செடானில், டிஸ்க்கின் இருபுறமும் இரண்டிரண்டாக நான்கு பிஸ்டன்கள் இருக்கின்றன. தூக்குவதற்கு என்று எதுவும் கண்ணில் படவில்லை. எங்கிருந்து தொடங்குவது? – ஒரு வாசகர், பெரம்பூர்.

பதில்: ஐயா, ரயில் பெட்டியில் வேலை பார்த்த கைக்கு நான் பிரேக் பாடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. ஆயினும் நீங்கள் இதுவரை பார்த்த காலிப்பருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறிய கார்களில் இருப்பது நகரும் காலிப்பர். அதில் உட்பக்கம் மட்டுமே பிஸ்டன் உண்டு. அது உட்புறப் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும்போது, காலிப்பர் முழுவதும் இரண்டு வழுக்குப் பின்களின் மேல் நகர்ந்து வெளிப்புறப் பேடையும் இழுத்து அழுத்துகிறது. உங்கள் புதிய காரில் இருப்பது நிலையான காலிப்பர். அது சக்கரத்தின் அச்சுப் பகுதியோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது, எந்தப் பக்கமும் நகராது. இரு புறத்துப் பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் உள்நோக்கி அழுத்துகின்றன. ஆகவே பேடு மாற்றுவதற்காக அந்தப் பெரிய போல்ட்டுகளைத் தொடவே வேண்டாம். டிஸ்க்கைக் கழற்ற வேண்டிய நாளில்தான் அவற்றுக்கு வேலை. காலிப்பரின் முதுகில் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். பேடுகள் அதன் வழியாகவே வெளியே வரும், அதன் வழியாகவே உள்ளே போகும். உருவிச் செருகுவதை மட்டும் கணக்கில் எடுத்தால், இது உங்கள் பழைய காரைவிட எளிது.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டு, பிறகு ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். நம் பக்கத்துத் தெருக்களில் பாதி மணல். ஜாக்கியின் அடியில் தடிமனான பலகை இல்லாவிட்டால் அது மெல்லப் புதைந்து சாயும். தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைக்காமல் கையை உள்ளே விட வேண்டாம். காலிப்பரின் ஜன்னல் வெளிப்பக்கம் திரும்பும்படி ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டால் முதுகு வலிக்காது. ஒரு சக்கரத்தை முழுவதும் முடித்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்ற சந்தேகம் வரும்போது, திறக்காத பக்கமே உங்களுக்கு மாதிரிப் படமாக இருக்கும்.

அடுத்தது பானெட்டின் கீழ் இருக்கும் பிரேக் ஆயில் டப்பா. பிஸ்டன்களை உள்ளே தள்ளும்போது ஆயில் அங்கேதான் திரும்பி ஏறும். ஏற்கெனவே யாராவது அதை விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தால், பொங்கி வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் சற்று உறிஞ்சி எடுத்துவிட்டு, டப்பாவைச் சுற்றி ஒரு பழைய துணியைச் சுற்றி வையுங்கள்.

இப்போது காலிப்பருக்கு வருவோம். ஜன்னலின் குறுக்கே இரண்டு பின்கள் போகும். அவற்றின் நடுவே பேடுகள் ஆடாமல் பிடித்திருக்கும் தகட்டு ஸ்பிரிங் ஒன்று இருக்கும். ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னின் தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக வெளியேறும்படி, எதிர்ப்பக்கத்திலிருந்து சரியான அளவு பஞ்ச் (பின்னைத் தட்டி வெளியேற்றும் எஃகுத் தண்டு) வைத்து நிதானமாகத் தட்ட வேண்டும். சில கார்களில் பின்னின் நுனியில் சிறிய கிளிப் இருக்கும். அதை முதலில் உருவாமல் தட்டினால் எத்தனை தட்டினாலும் அசையாது. கடைசிப் பின் கழன்றதும் ஸ்பிரிங் துள்ளும் என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

இனி வருவதுதான் முழு வேலையின் உயிர்நாடி. நான்கு பிஸ்டன்களுக்கும் ஒரே ஆயில்தான் போகிறது. ஒரு பக்கத்தை அமுக்கினால் மறுபக்கம் வீங்கும். பழைய காரின் பழக்கத்தில் இரண்டு பேடுகளையும் ஒன்றாக உருவிவிட்டு ஒரு பிஸ்டனை மட்டும் அமுக்கினால், எதிரில் உள்ள ஒன்று வெளியே நகரும்; கவனிக்காவிட்டால் முழுவதும் வெளியே விழுந்து, ஆயில் தரையில் ஓடி, ஒரு மணி நேர வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். ஆகவே ஒரு பக்கத்துப் பேடை மட்டும் உருவுங்கள். மறுபக்கத்துப் பழைய பேடு அதன் இடத்திலேயே இருந்து அந்தப் பக்கத்துப் பிஸ்டன்களைத் தடுத்து நிறுத்தும்.

உருவிய உடனே அமுக்கவும் கூடாது. பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்துகொண்டிருப்பதால், அதன் விளிம்பில் பல மாதங்களின் பேடு தூளும் துருவும் உப்பும் ஒரு வளையமாகப் படிந்திருக்கும். அந்த அழுக்கோடு உள்ளே தள்ளினால், அது தூசு தடுக்கும் ரப்பரைக் கிழித்து, உள்ளே இருக்கும் சீலின் மேல் உப்புத்தாள் போல உரசும். அந்தச் சீல் வெறும் ஆயில் தடுப்பு அல்ல. சதுர வெட்டு உள்ள அந்த ரப்பர் வளையம், பிரேக்கை மிதிக்கும்போது பிஸ்டனோடு சற்று வளைந்து, காலை எடுத்ததும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பேடு டிஸ்க்கை விட்டு விலகுவது இந்த மயிரிழையால்தான். சீல் கெட்டால் பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் சுடும், மைலேஜ் குறையும், கார் ஒரு பக்கம் இழுக்கும்.

ஆகவே ஒரு பழைய பல் பிரஷ்ஷை பிரேக் கிளீனரில் நனைத்து ஒவ்வொரு பிஸ்டனின் முன்பகுதியையும் துடையுங்கள். பின்புறம் பிரஷ் எட்டாது. பருத்தி நாடா ஒன்றைப் புதிய பிரேக் ஆயிலில் நனைத்து, பிஸ்டனைச் சுற்றிப் போட்டு, தயிர் கடையும் கயிறு போல இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் அந்த இடமும் பளிச்சென்று ஆகும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றை மட்டும் அருகில் கொண்டுவர வேண்டாம். பிரேக்கில் பயன்படும் ரப்பர் அவற்றில் ஊறினால் உப்பிவிடும். பல பட்டறைகளில் எல்லாவற்றையும் ஒரே டீசல் தட்டில் கழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. எஞ்சின் பாகத்துக்கு அது பொருந்தலாம், காலிப்பருக்குப் பொருந்தாது. அதே போல, காற்றடித்து ஊதித் தூளைப் பறக்கவிடுவதும் கூடாது. பழைய மலிவுப் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரமாக்கித் துடைப்பதே நுரையீரலுக்கு நல்லது.

துடைத்த பிறகு, பழைய பேடையே மீண்டும் உள்ளே வைத்து, அதற்கும் டிஸ்க்குக்கும் இடையே மரத்தாலான ஆப்பு ஒன்றைச் செருகி, மெதுவாக நெம்புங்கள். பேடு அகலமானது என்பதால் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக, சாயாமல், உள்ளே போகும். திருப்புளியால் ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளினால் பிஸ்டன் கோணலாகி இறுகிக்கொள்ளும். ஒன்று போய் மற்றொன்று அசையாவிட்டால் பலம் காட்ட வேண்டாம். அசையாத பிஸ்டன் உங்களிடம் ஒரு செய்தி சொல்கிறது, அதைப் பற்றி அடுத்த கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

பேடின் இரு முனைகளிலும் நீட்டியிருக்கும் காதுகள் உட்காரும் பள்ளங்களையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கி, புதிய பேடின் காதுகளிலும், பிஸ்டன் தொடும் முதுகிலும் பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் அல்லது செராமிக் கிரீஸை விரலால் பொட்டு வைப்பது போல் மெல்லியதாகத் தடவுங்கள். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளி பட்டாலும் பிரேக் கிளீனரால் துடைத்துவிட வேண்டும். பேடின் முதுகில் அம்புக்குறி இருந்தால், கார் முன்னோக்கிப் போகும்போது டிஸ்க் சுழலும் திசையை அது பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துப் புதிய பேடு உள்ளே போன பிறகே மறுபக்கத்துப் பழைய பேடை உருவி, அங்கும் இதே துடைப்பு, இதே நெம்பல். பின்களும் ஸ்பிரிங்கும் சேர்ந்த சிறு பெட்டி தனியாகக் கிடைக்கும். விலை அதிகமில்லை, நம் ஊர்க் காற்றுக்கு அவற்றையும் புதிதாகப் போட்டுவிடுவதே நலம். சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, காரைத் தரையில் இறக்கிய பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடியுங்கள். பல கார்களில் அது 100 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று எண்ணிச் சாவியைத் திருப்பும் முன், பிரேக் மிதியைப் பல முறை மெதுவாக மிதித்து அது கெட்டியாகும்வரை காத்திருங்கள். உள்ளே தள்ளப்பட்ட பிஸ்டன்கள் பேடைத் தொடும் இடத்துக்கு வருவதற்கு அத்தனை மிதிகள் வேண்டும். இதை நான் புத்தகம் பார்த்து எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் பேடுகளை அழகாக மாற்றி, கைகளைக் கழுவி, காபியும் குடித்துவிட்டு, காரைப் பின்னால் எடுத்தேன். மிதி தரைவரை போயிற்று. கார் எதிர்வீட்டுத் திண்ணையில் முட்டி நின்றது. எதிர்வீட்டு அம்மா இன்றுவரை என்னை "பிரேக் தம்பி" என்றுதான் அழைக்கிறார்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைச் சாலைக்கு மிக அருகில். நான்கு பிஸ்டன் காலிப்பர் உள்ள எங்கள் காரைப் பேடு மாற்றக் கொடுத்தபோது, பின்கள் துருப்பிடித்து இறுகிவிட்டன, ஒரு பிஸ்டனும் அசையவில்லை, இரண்டு காலிப்பர்களையும் புதிதாக வாங்க வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வேறு வழியே இல்லையா? – ஒரு வாசகி, திருவொற்றியூர்.

பதில்: அம்மா, பெரும்பாலும் வேறு வழி உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி நிற்கும் கார்களின் பெரும் நோய் இந்த உப்புதான். பெரும்பாலான பல பிஸ்டன் காலிப்பர்களின் உடல் அலுமினியம், பின்களோ எஃகு. இரண்டு உலோகங்களும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருக்கும்போது அரிப்பு வேகமாகும். அண்ணாநகரில் நிற்கும் அதே காரில் பஞ்ச் வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் வரும் பின், உங்கள் தெருவில் நிற்கும் காரில் மணிக்கணக்கில் வராது. துரு இளக்கும் எண்ணெயைப் பிஸ்டன் ரப்பரில் படாமல் பின்னின் இரு முனைகளிலும் தெளித்து ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் சிறு சுத்தியலால் பல மெல்லிய தட்டுகள் கொடுத்தால் பெரும்பாலும் இளகும். பழைய பேடுகள் எப்படியும் குப்பைக்குப் போகின்றன என்பதால் அவற்றின் மேல் எண்ணெய் படுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். டிஸ்க்கை மட்டும் பிறகு நன்றாகத் துடைத்துவிட வேண்டும். பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்தால் பின்னின் நுனி மழுங்கி விரிந்து, பிறகு துளையிட்டு எடுப்பதைத் தவிர வழி இருக்காது.

பிஸ்டன் அசையவில்லை என்பதைப் பொறுத்தவரை, காலிப்பரையே மாற்ற வேண்டுமா என்பது பிஸ்டனைக் கழற்றிப் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை. சீல்களும் தூசு ரப்பர்களும் பெட்டியாகக் கிடைக்கும். பிஸ்டன் தனியாகவும் பல கார்களுக்குக் கிடைக்கிறது. பிஸ்டனின் பக்கவாட்டில் துருக்குழி விழுந்திருந்தால் பிஸ்டனை மாற்ற வேண்டும். காலிப்பரின் சிலிண்டர்ச் சுவரில், குறிப்பாகச் சீல் உட்காரும் பள்ளத்தில், அரிப்பு ஆழமாக இருந்தால்தான் காலிப்பர் தேறாது. இரண்டில் ஒரு காலிப்பர் மட்டும் தேறாது என்றால், அதை மட்டும் மாற்றி, மற்றதற்குப் புதிய சீல் போட்டுக்கொள்ளலாம். பேடுகளை மட்டும் இரு பக்கமும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். காலிப்பரைத் திறந்து சீல் மாற்றுவது வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல. பிரேக் வேலை மட்டுமே பார்க்கும் கடையில் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஆயிலில் புகுந்த காற்றை வெளியே எடுத்தார்களா என்று கேளுங்கள். இத்தகைய காலிப்பர் பலவற்றில் உட்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு காற்றுத் திருகுகள் இருக்கும். ஒன்றில் மட்டும் எடுத்தால் மறுபாதியில் காற்று தங்கி, மிதி பஞ்சு போல அமுங்கும்.

கேள்வி: நண்பன் ஒருவன் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் நான்கு பிஸ்டன் காலிப்பர் இரண்டு பார்த்து வைத்திருக்கிறான். என்னுடைய ஹேட்ச்பேக்கில் ஒற்றைப் பிஸ்டன்தான் இருக்கிறது. இதைப் பொருத்தினால் கார் பாதித் தூரத்தில் நிற்கும் என்கிறான். உண்மையா? – ஒரு வாசகர், காசிமேடு.

பதில்: தம்பி, நண்பரின் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. காலிப்பர் பிடிக்கும் விசை என்பது ஆயிலின் அழுத்தத்தை ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் பரப்பால் பெருக்கினால் வருவது. எதிர்ப்பக்கத்துப் பிஸ்டன்கள் அந்த விசைக்கு எதிர்த் தாங்கலாக நிற்கின்றனவே தவிர, அதை இரட்டிப்பாக்குவதில்லை. 57 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைப் பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 25.5 சதுர செ.மீ. ஒரு பக்கத்துக்கு 40 மி.மீ. விட்டமுள்ள இரண்டு பிஸ்டன்கள் என்றால் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 25.1 சதுர செ.மீ. எண்ணிக்கை ஒன்றிலிருந்து நான்கானது. பிடிப்போ அப்படியே இருக்கிறது. அதற்கும் மேலாக, அவசரத்தில் மிதிக்கும்போது உங்கள் கார் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. ஒற்றைப் பிஸ்டனாலேயே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும் அளவுக்குச் சக்கரத்தைப் பிடிக்க முடிகிறது என்றால், அதற்கு மேல் பிடிக்க ஒன்றுமில்லை.

அப்படியானால் உற்பத்தியாளர்கள் ஏன் நான்கும் ஆறும் வைக்கிறார்கள்? நீளமான பேடின் முழு முகத்திலும் அழுத்தம் சீராகப் பரவும். காலிப்பர் விறைப்பாக இருப்பதால் மிதி கல் போல நிற்கும். கனமான, வேகமான கார் மலைப்பாதையில் திரும்பத் திரும்ப பிரேக் பிடிக்கும்போது பெரிய பேடும் பெரிய டிஸ்க்கும் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். சில காலிப்பர்களில் டிஸ்க் உள்ளே நுழையும் முனையில் சிறிய பிஸ்டனும், வெளியேறும் முனையில் பெரிய பிஸ்டனும் இருக்கும்; நுழையும் முனைதான் வேகமாகத் தேயும் என்பதால், அங்கே அழுத்தத்தைக் குறைத்துப் பேடு சாய்வாகத் தேயாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. அதனால் வலது காலிப்பரை இடது பக்கம் மாட்ட முடியாது. மாட்டினால் காற்றுத் திருகும் கீழ்ப்பக்கம் போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும். தங்க சாலை நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஹேட்ச்பேக்குக்கு இவை எதுவும் தேவையில்லை. மிதியின் விசையை ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் அளவும் முன்பின் சக்கரங்களின் விகிதமும் உங்கள் காருக்கென்று கணக்கிட்டவை. காலிப்பரை மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கு குலையும். அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர்களும் புதிய பிரேக் ஆயிலும் போடுங்கள்.

புதுப்பேட்டையைப் பற்றி ஒரு சொல். அங்கே கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், பொறுக்கத் தெரிந்தவர் கியர் பெட்டிகூட வாங்கலாம். பழைய பிரேக் பேடு மட்டும் வாங்கக் கூடாது. பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் பாகங்களும் பேடுகளும் தயாராகும் ஊரில் இருந்துகொண்டு, யாரோ கழற்றி எறிந்த பேடைத் தேடி ஏன் போக வேண்டும்? புதிய பேடு வாங்கும்போது அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண்களின் இறுதியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் எழுத்து சாதாரண வெப்பத்திலும், இரண்டாவது எழுத்து சூடேறிய நிலையிலும் உராய்வு எவ்வளவு என்பதைச் சொல்லும். 'ஈ' என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. சாலையில் ஓடும் காருக்கு இரண்டும் 'எஃப்' ஆக இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சூடானதும் தரம் இறங்குவதாகக் காட்டும் பேடை ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு போகிறவர் வாங்க வேண்டாம்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எங்கள் பகுதியில் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்தபோது, சக்கரம் மூழ்கும்வரை நின்ற கார் ஒன்றை உறவினரிடமிருந்து இப்போது வாங்கியிருக்கிறேன். பேடுகள் அதிகம் தேயவில்லை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது கார் இடப்பக்கம் இழுக்கிறது. பேடுகளை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டால் போதுமா? – ஒரு வாசகர், எண்ணூர்.

பதில்: போதாது. எண்ணெய் குடித்த பேடு, எண்ணெய் குடித்த விளக்குத் திரியைப் போன்றது. மேல்முகத்தைத் தேய்த்தாலும், சூடேறும்போது உள்ளே ஊறியிருப்பது மீண்டும் மேலே வரும். வலப்பக்கப் பேடு வழுக்குகிறது, இடப்பக்கம் பிடிக்கிறது, ஆகவே கார் இடப்பக்கம் இழுக்கிறது என்று கருத இடமிருக்கிறது. எவ்வளவு தடிமன் மிச்சமிருந்தாலும் முன் சக்கரங்களின் நான்கு பேடுகளையும் எறிந்துவிடுங்கள். புதியவை போட்ட பிறகும் இழுத்தால், வலப்பக்கத்தில் ஏதோ ஒரு பிஸ்டன் வெள்ளத்துக்குப் பிறகு துருவேறி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்க்கின் ஓரத்தில் அல்லது நடுக்கிண்ணத்தில் குறைந்தபட்சத் தடிமன் மி.மீ. கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும், துருவைச் சீவ லேத்தில் கொடுக்கும் முன், சீவிய பிறகும் அந்த அளவுக்கு மேல் மிஞ்சுமா என்று அளக்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயிலையும் முழுவதுமாக மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 தரத்துக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் 155 டிகிரி. கொதித்த ஆயிலில் குமிழி உண்டாகும், குமிழி அமுங்கும், மிதி கீழே போகும். நம் ஊரின் புழுக்கத்தில் வெள்ளம் பார்க்காத காருக்கே இரண்டாண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். பெயர் ஒத்திருக்கிறதே என்று டாட் 5 டப்பாவை வாங்கிவிட வேண்டாம். அது சிலிகான் வகை, மற்றவற்றோடு சேராது.

கேள்வி: நான்கு பிஸ்டன் காலிப்பரில் புதிய பேடுகள் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு சிக்னலிலும் ரயில் நிற்பது போலக் கீச்சிடுகிறது. பேடு போலியா? – ஒரு வாசகர், கொளத்தூர்.

பதில்: போலியாக இருக்கலாம், ஆனால் அதற்கு முன் சந்தேகிக்க வேண்டியவை பல. பேடின் முதுகில் ஒட்டியிருந்த மெல்லிய தகடு அல்லது ரப்பர் பூச்சு உள்ள அதிர்வுத் தடுப்புத் தகட்டைப் பழையதிலிருந்து எடுத்துப் போட மறந்திருக்கலாம். தகட்டு ஸ்பிரிங் தலைகீழாகப் போயிருக்கலாம். காதுகள் உட்காரும் பள்ளத்தில் துரு இருந்தால் பேடு சிக்கிக்கொண்டு அதிரும். பெரும்பாலோர் விட்டுவிடுவது பேடைப் பழக்குவதைத்தான். புதிய பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் ஒரு மெல்லிய படலமாகச் சீராகப் படிந்த பிறகே பிடிப்பும் அமைதியும் வரும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் மீஞ்சூர்ப் பக்கம் போன்ற ஓர் இடத்தில், பின்னால் கன்டெய்னர் லாரி எதுவும் வரவில்லை என்பதைக் கண்ணாடியில் உறுதி செய்துகொண்டு, 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை நடுத்தர அழுத்தத்தில் எட்டு முதல் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். ஒரு முறையும் முழுவதுமாக நிறுத்த வேண்டாம்; சூடான பேடு ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அங்கே படலம் திட்டாகப் படியும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்லும் ஸ்டீயரிங் நடுக்கத்துக்குப் பல நேரங்களில் இந்தத் திட்டே காரணம். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள். இத்தனைக்கும் பிறகு கீச்சிட்டால் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடலாம்.

கேள்வி: பேடுகளை மாற்றும்போது பிஸ்டனை அமுக்கும் முன் காற்றுத் திருகைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு மெக்கானிக்கும், திறக்கவே கூடாது என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? – ஒரு வாசகர், வியாசர்பாடி.

பதில்: இருவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. காலிப்பருக்குள் தங்கியிருக்கும் ஆயில்தான் அதிகம் சூடேறி அதிகம் கறுத்தது. திருகைத் திறந்து, குழாய் மாட்டி, அந்த அழுக்கைப் புட்டியில் பிடித்துவிட்டால் அது ஏ.பி.எஸ். பெட்டியை நோக்கித் திரும்பாது. ஆனால் திருகை மூடும் முன் பிஸ்டனை விட்டுவிட்டால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். உப்பில் துருவேறிய திருகோ முறுக்கும்போது கழுத்தொடிந்து போகும். ஆயில் இரண்டாண்டுக்குள் மாற்றியதாக இருந்தால் திருகைத் தொடாமல் மெதுவாக அமுக்குவதே என் வழக்கம். கறுத்திருந்தால், பேடு மாற்றும் அன்றே முழு ஆயிலையும் மாற்றிவிடுவேன். அப்போது திருகு எப்படியும் திறக்கத்தான் போகிறது.

கேள்வி: பின் சக்கரத்துக்கும் இதே முறைதானா? – ஒரு வாசகர், மாதவரம்.

பதில்: எப்போதும் அல்ல. பொத்தானை அழுத்திப் போடும் மின் கை பிரேக் பின் காலிப்பரில் இருந்தால், ஸ்கேனர் வைத்துச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனை அமுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் மோட்டாரின் பற்கள் உடையக்கூடும். கை பிரேக்கின் கேபிள் காலிப்பரிலேயே சேர்ந்திருந்தால், பல கார்களில் பிஸ்டனைத் தள்ள முடியாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

கேள்வி: முன் பேடுகளைப் புதிதாக மாற்றிய பிறகும் டேஷ்போர்டில் பேடு எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. ஓட்டலாமா? – ஒரு வாசகி, தண்டையார்பேட்டை.

பதில்: மிதி கெட்டியாக இருந்து, ஆயில் அளவும் சரியாக இருந்தால் ஓட்டலாம். பேடின் உள்ளே செருகியிருக்கும் ஒரு சிறு கம்பிதான் அந்த விளக்கை எரிய வைக்கிறது. பேடு தேய்ந்து கம்பி டிஸ்க்கில் உரசி அறுந்ததும் விளக்கு எரியும். அறுந்த கம்பியைப் புதிய பேடிலும் அப்படியே செருகிவிட்டிருப்பார்கள். புதிய கம்பி வாங்கி மாட்டச் சொல்லுங்கள். சில கார்களில் அதற்குப் பிறகு டேஷ்போர்டு வழியாகக் கணக்கைப் புதிதாகத் தொடங்கவும் வேண்டியிருக்கும். விளக்கு எரியும்வரை காத்திருக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அந்தக் கம்பி ஒரு பக்கத்து ஒரு பேடில் மட்டுமே இருக்கும். மற்ற மூன்று பேடுகளில் ஏதாவது ஒன்று அதற்கு முன்பே 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தாலும் விளக்குக்கு அது தெரியாது. நான்கு பிஸ்டன் காலிப்பரின் முதுகில் ஜன்னல் திறந்தே இருக்கிறது. சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே கைபேசி வெளிச்சத்தைக் காட்டினால், பல கார்களில் பேடின் தடிமன் கண்ணுக்கே தெரியும்.